பெரிய வாசலும் போலி வாசலும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

மலர்க்குழுவில் இருக்கும் என் நண்பன் ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நின்றான். “கவிதை நாற்பதுக்கு மேல வந்துட்டுது. பாதி அம்மாவைப் பத்தி, மீதி நிலாவைப் பத்தி. உருப்படியா ஒரு கட்டுரை எழுதிக் கொடு” என்றான். எனக்குக் கவிதை வராது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். சரி, இந்த மூன்று மாதமாக நான் எதைப் பற்றி அலைந்தேனோ அதையே எழுதி விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

நண்பர்களே, ஆறாவது செமஸ்டர் ஆரம்பித்த நாளிலிருந்து நம் எல்லார் வீட்டிலும் ஒரே கேள்விதான். “அடுத்து என்னல செய்யப் போற?” எங்கள் வீட்டில் கேட்டது அப்பா. அப்பா வாழைத்தார் ஏற்றும் லோடுமேன், ஐந்தாவது வரை படித்தவர். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் தெருவில் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் ரேஷன் கடை அண்ணாச்சியிடம்தான் போக வேண்டும். அவரும் பிளஸ் டூவோடு சரி. கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பதே போன வருடம் வரை எனக்குத் தெரியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேருக்கு மேல் என் கதைதான்.

ஜனவரி மாதம் அப்பா ஒருநாள் சந்தோஷமாக வந்தார். டீக்கடையில் ஒருத்தரைப் பார்த்தாராம். வெளிமாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம், ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள், மார்க் பார்ப்பதில்லை, நுழைவுத் தேர்வு இல்லை, வீட்டில் இருந்தபடியே பி.டெக். படிக்கலாம், பரீட்சை கூட நம்ம ஊர் மண்டபத்திலேயே எழுதலாம். மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் பத்தாயிரம் கட்டினால் இடம் உறுதி. பளபளவென்று ஒரு நோட்டீசும் கொடுத்திருந்தார். அதில் கட்டடம் ரொம்ப அழகாக இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய், போனஸ் பணத்தை முடிந்து வைத்திருந்த துணியை எடுத்து வந்தார்.

எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. என் அத்தை மகன். நம்மைப் போலவே டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போனவர். 2009-ல் அவரும் இதே மாதிரி வீட்டிலிருந்தே பி.டெக். சேர்ந்தார். மையம் என்பது பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையின் மாடி. அத்தை தன் செயினை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார். சர்டிபிகேட்டும் வந்தது, தங்க நிறத்தில் முத்திரையோடு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று கோயிலில் பொங்கல் வைத்தோம். நான் அப்போது சின்னப் பையன், எனக்குப் பொங்கல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒருநாள் கம்பெனியில் இஞ்சினியர் பதவிக்கு அவர் பெயரைப் பரிசீலித்தபோது, சர்டிபிகேட்டைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லாத படிப்பு, ஏற்றுக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. அத்தான் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்தபோது அங்கே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். இன்றைக்கும் கம்பெனியில் அவர் டிப்ளமோக்காரர்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அத்தானுக்குப் போன் போட்டேன். “பணத்தைக் கொடுக்காத மாப்ள. முதல்ல பல்கலைக்கழகம்னா என்னன்னு தெரிஞ்சுக்க. நான் தெரிஞ்சுக்காமப் போனதுதான் தப்பு” என்றார். அவர் சொன்னதிலிருந்து தொடங்கி நூலகம், துறைத் தலைவர் அறை, அக்காமார் அண்ணன்மார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துப் போட வேண்டும். சேருவது கஷ்டமாக இருந்தால்தான் நல்ல பல்கலைக்கழகம், சுலபமாக இடம் கிடைத்தால் அது மட்டம் என்று நாம் நினைக்கிறோம். நம் நாட்டில் பல்கலைக்கழகம் தொடங்கியதே அப்படி இல்லை. 1857-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று இடத்திலும் பல்கலைக்கழகங்கள் வந்தபோது அவை பாடமே நடத்தவில்லை! லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தவை அவை. பாடம் நடத்துவது கல்லூரிகள், பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். இன்றைக்கும் அந்த ஏற்பாடுதான் ஓடுகிறது. திருநெல்வேலியில் 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அதன் வளாகத்தில் படிப்பவர்களைவிட இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்கள் பல மடங்கு.

பொறியியலுக்கு இதே கணக்கு அண்ணா பல்கலைக்கழகம். 1978-ல் தொடங்கியது. கிண்டியில் நுழைவது குதிரைக் கொம்பு என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே பல்கலைக்கழகத்தோடு தமிழ்நாடு முழுக்க நானூற்றுச் சொச்சம் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஐநூறைத் தாண்டிப் போய், பிள்ளைகள் சேராமல் பல மூடப்பட்ட பிறகு மிஞ்சியவை இவை. அந்தக் கல்லூரிகளில் படித்தாலும் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்று சொல்கிறார்களே, அவற்றில் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. இதை நான் தெரிந்துகொண்ட அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “கடை வேற வேற, பீடிக்கு ஒட்டுற லேபிள் ஒண்ணுதான், அப்படித்தானே?” என்றார். நான் இரண்டு பக்கம் எழுதியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நெரிசலான வாசலும் இருக்கும், ஆள் இல்லாத வாசலும் இருக்கும். நாம் தேட வேண்டியது அந்த இரண்டாவது வாசலை. அது எங்கே இருக்கிறது?

நமக்கு அது இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் முதலாம் ஆண்டுக்கு முட்டி மோதுகிறார்கள். டிப்ளமோ முடித்த நாம் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்பார்கள். இதற்கென்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பங்கு இடம் கூடுதலாக உண்டு. அது மட்டுமில்லை, போன வருடம் முதலாம் ஆண்டில் நிரம்பாமல் காலியாகப் போன இடங்களும் இதில் சேர்ந்துகொள்ளும். இதுதான் விஷயமே! உதாரணத்துக்கு, 60 பேர் சேர வேண்டிய வகுப்பில் 35 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், காலியான 25 இடமும் அடுத்த வருடம் நம் கணக்கில் வருகிறது. நெருக்கடி என்பது இடத்துக்கும் ஆளுக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். மெக்கானிக்கல், சிவில் பக்கம் கூட்டம் குறைந்து எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிய வருடங்களில், ஓடாதவனுக்கு நல்ல கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. நம் துறை அண்ணன் ஒருவர் அறுபத்தெட்டு விழுக்காடு வைத்துக்கொண்டு, நான் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்த ஒரு கல்லூரியில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். முன்பெல்லாம் கலந்தாய்வுக்குக் காரைக்குடிக்கு மூட்டை முடிச்சோடு போக வேண்டுமாம். இப்போது எல்லாம் ஆன்லைன். விருப்பப் பட்டியல் போடும்போதுதான் சாமர்த்தியம் வேண்டும். பெரும்பாலானவர்கள் தெரிந்த பெயர் ஐந்தாறைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை என்று கையைப் பிசைகிறார்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்று மேலே வைத்துவிட்டு, கீழே முப்பது நாற்பது கூட எழுதலாம். யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள், அங்கே படிக்கிற ஒரு பையனிடமாவது பேசுங்கள். இடம் காலியாக இருப்பதற்கு ஊர் தூரமும் காரணமாக இருக்கலாம், வாத்தியார் இல்லாததும் காரணமாக இருக்கலாம். முதலாவது என்றால் போகலாம்.

நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். 2010-11-ஆம் கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு அரசு முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான், கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கிடையாது. டிப்ளமோ பட்டம் ஆகாது என்பதால், அண்ணனோ அக்காவோ டிப்ளமோ முடித்திருந்தாலும் நீங்கள் முதல் பட்டதாரிதான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து சான்றிதழ் வாங்க வேண்டும். விடுதி, பஸ் கட்டணமெல்லாம் நம் தலையில்தான். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசில் நிற்காமல் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். நான் மூன்று தடவை போனேன். முதல் தடவை அப்பாவின் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் ரெஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அது தனிக் கதை.

சரி, எல்லாராலும் மூன்று வருடம் வேலைக்குப் போகாமல் படிக்க முடியுமா? முடியாது. என் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேருக்கு ஜூன் மாதம் சம்பளம் வந்தாக வேண்டும். அவர்களுக்கு இன்னொரு பெரிய வாசல் இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

இதன் கதை பழையது. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, எங்கே இருந்து படித்தாலும் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் அஞ்சல் வழியில் பாடம் நடத்தியது. நெல்சன் மண்டேலா 1989-ல் சிறையில் இருந்தபடியே சட்டப் பட்டம் வாங்கியது அங்கேதான். அவரை எந்த வாசலில் நுழைந்தாய் என்று யாராவது கேட்டார்களா? இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் அமைந்து 1971-ல் மாணவர்களைச் சேர்த்தது. முன்படிப்பு எதுவும் கேட்கவில்லை. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது. எங்கள் ஊர் பழைய ஆசிரியர்கள் பலர் எம்.ஏ. வாங்கியது அந்த மதுரைத் தபாலில்தான்.

1985-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை, அதாவது இக்னோவை, உருவாக்கியது. 1987-ல் இரண்டே படிப்புகள், 4,528 மாணவர்கள். இன்றைக்கு அதில் 30 லட்சம் பேருக்கு மேல் படிப்பதாகச் சொல்கிறார்கள். உலகத்திலேயே பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று நம்மை ‘வா’ என்கிறது! 2021-ல் ‘நாக்’ குழு அதற்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் கொடுத்தது. நம் மாநிலத்திலேயே 2002-ல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ என்பதைப் பிளஸ் டூ இடத்தில் வைத்து நம்மை பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘ஏதாவது ஒரு பட்டம்’ என்று கேட்கிற வங்கித் தேர்வு, குரூப் 2, ஏன், ஐ.ஏ.எஸ். தேர்வு வரைக்கும் இது போதும்.

ஆனால் பத்தாவது, பிறகு பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். நடுவில் ஒரு படியைத் தாண்டி வாங்கிய பட்டங்களை அரசு வேலைக்கு ஏற்க மறுத்த வழக்குகள் உண்டு. அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் சொல்லியிருக்கிறது. நமக்கு வரிசை சரியாக இருக்கிறது, கவலை இல்லை.

இப்போது அந்த டீக்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். (டீ போடுபவர் அல்ல, பாவம் அவர். நோட்டீஸ் கொடுத்தவர்.) அவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. பி.டெக். பி.ஏ. என்று சொல்லியிருந்தால் கூட விசாரிக்கலாம். பொறியியலை அஞ்சல் வழியில் கொடுக்க முடியாது. யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு விதிமுறையில் பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று பட்டியலே இருக்கிறது. காரணம் நமக்குப் புரியாததா? லேத்தில் கை வைக்காதவன் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்க முடியுமா?

2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கு. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிலைக்கும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்றது. அந்தப் பட்டத்தை வைத்து வேலை உயர்வு பெற்று, குடும்பம் குட்டி என்று ஆன பிறகு, நாற்பது வயதில் பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அத்தான் சேர்ந்த இடம் அந்த நான்கில் இல்லை. ஆனால் வியாதி ஒன்றுதான்.

இதைவிட விசித்திரம் சத்தீஸ்கரில் நடந்தது. அந்த மாநிலம் 2002-ல் ஒரு சட்டம் போட்டு, 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டும் காலி. ஆகவே ‘பல்கலைக்கழகம்’ என்று பலகை இருப்பதால் மட்டும் அது பல்கலைக்கழகம் ஆகிவிடாது.

எப்படிச் சோதிப்பது? நான் செய்ததைச் சொல்கிறேன். நோட்டீசில் இருந்த பெயரை எடுத்துக்கொண்டு நம் நூலகக் கம்ப்யூட்டரில் யு.ஜி.சி.யின் இணையதளத்தைத் திறந்தேன். 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்டதோ, நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோ மட்டும்தான் பட்டம் கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தது. அடடா, உண்மைதானோ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு, அதில் இந்தப் பெயர் இல்லை. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், அத்தானும் இங்கேதான் நின்றிருப்பார். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தாலும் படிப்பு உண்மையானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! தொலைநிலைக் கல்விக்கென்று அதே யு.ஜி.சி.யில் தனிப் பிரிவு இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில் நடத்தலாம் என்று அங்கே போட்டிருக்கிறார்கள். ஆண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனுமதி ஒரு வருடம் இருந்து அடுத்த வருடம் போகலாம். அதில் நம்ம ஆள் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு இரண்டு எம்.ஏ.க்கு அனுமதி இருந்தது. பி.டெக். இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. பட்டியலிலும் நம்ம ஊர் மையம் கிடையாது. இன்னொன்று, ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டிப் படிப்பு மையம் வைக்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியிலேயே பஸ் ஸ்டாண்டு மாடிகள் எல்லாம் விழுந்துவிடும். 2024 முதல் தொலைநிலையில் சேருகிற மாணவனே யு.ஜி.சி.யின் தளத்தில் பதிந்து தனக்கென்று ஓர் அடையாள எண் வாங்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த எண் கேட்காமல் பணம் மட்டும் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பொறியியல்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பகுதி நேர பி.இ. இருக்கிறது. கோவையில் இதற்குப் பெயர் போன கல்லூரிகள் உண்டு. மாலை நேரம் வகுப்புக்கு நேரில் போக வேண்டும், வேலை அனுபவமும் கேட்பார்கள். முன்பு நம் அண்ணன்மார் பலர் ஏ.எம்.ஐ.இ. எழுதி இஞ்சினியர் ஆனார்கள். அது பி.இ.க்குச் சமம் என்ற மத்திய அரசின் அங்கீகாரம் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான். பழைய ஆட்கள் இன்னும் அந்த வழியைச் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பணம் கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சேருவது சுலபம் என்றால் படிப்பு சுலபம் என்று அர்த்தம் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல், அந்த நகரத்தில் பள்ளி இறுதி முடித்த எவருக்கும் இடம் உண்டு என்று அறிவித்தது. ஏழை மாணவர்கள் போராடி வாங்கிய உரிமை அது. சேர்ந்தவர்களில் நிறையப் பேருக்குக் கணக்கும் வாசிப்பும் அடியிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் இருந்த கஷ்டம் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நமக்கும் அதுதான் நடக்கிறது. லேட்டரலில் போனால் மூன்றாவது செமஸ்டரில் நேராகப் போய் விழுகிறோம். முதலாம் ஆண்டுக் கணக்கு இரண்டு பேப்பர் நமக்குக் கிடையாது. மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக்கல்காரனுக்கு எடுத்த எடுப்பில் ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. போன வருடம் போன அண்ணன்கள் நாலு பேரைக் கேட்டேன். மூன்று பேருக்கு அந்தப் பேப்பரில் அரியர். தேர்வான அண்ணன் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் முதலாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைக் கடன் வாங்கித் தானாகப் போட்டுப் பார்த்தவர். ஒர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் நாம்தான் ராஜா, அதில் சந்தேகமே வேண்டாம். முதல் வாரத்திலேயே பிளஸ் டூ பிள்ளைகள் நம்மிடம் டிராஃப்டர் பிடிக்கக் கேட்டு வருவார்களாம். பதிலுக்கு அவர்களிடம் கணக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இக்னோவிலும் கஷ்டம் உண்டு, வேறு மாதிரி. தினம் ‘படி’ என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. பொதுவாக 30 விழுக்காடு அசைன்மென்டுக்கு, 70 விழுக்காடு பரீட்சைக்கு. அசைன்மென்ட் கொடுக்காமல் விட்டால் பரீட்சையில் எவ்வளவு எழுதியும் பேப்பர் முடியாது. மூன்றாண்டுப் படிப்பை ஆறாண்டுக்குள் முடிக்க அவகாசம் தருகிறார்கள். அந்த அவகாசமே ஆபத்து என்று நினைக்கிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகக் கட்டைப் பிரிக்காமலே பரணில் போட்டவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வீட்டுக்கே வந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் நூலகத்தில் எடுத்த பிரிண்டைக் காட்டி, “சார், இதுல உங்க பி.டெக். எங்க இருக்கு?” என்று கேட்டேன். “தம்பி, இதெல்லாம் இன்னும் அப்டேட் பண்ணல” என்றார். அப்பாவுக்கு அப்டேட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் லோடு கணக்கில் ஏமாற்றுகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியும். “பண்ணின பொறவு வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா பணத்தை மறுபடி துணியில் முடிந்தார். அதில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் கலந்தாய்வுக் கட்டணத்துக்கும் எடுத்திருக்கிறேன்.

என் விருப்பப் பட்டியலில் இதுவரை முப்பத்தாறு கல்லூரிகள் எழுதி வைத்திருக்கிறேன். எவராவது மெக்கானிக்கல்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப் பின்னால் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். முதலாம் ஆண்டுக் கணக்குப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் கட்டாயம் வாருங்கள்!

அத்தான் இந்த ஜனவரியில் இக்னோவில் பி.காம். சேர்ந்துவிட்டார். முப்பத்தாறு வயதில். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி படிக்கிறாராம். போன வாரம் போன் போட்டு, “மாப்ள, உன் கையெழுத்து நல்லா இருக்கும்லா, முதல் அசைன்மென்டை எழுதிக் குடேன்” என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.